சாயக் கால்வாயில் மிதந்த கடிதம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து அழ வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அழுவதைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கண்டிப்பான கருத்து இருந்தது. அதைச் சொல்லத்தான் மகளாகிய நான் இதை எழுதி வாசிக்கிறேன்.

அம்மா பிறந்தது வடமாலபேட்டை. வாழ்க்கைப்பட்டது நகரி. பேச்சு தமிழ்தான் என்றாலும், பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து தெரியாது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா லாரி டிரைவர். சித்தூர் மண்டியில் வெல்லம் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். போகிற ஊரிலிருந்தெல்லாம் கடிதம் போடுவார். அம்மாவுக்காகவே தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவார். வண்டியில் சாமி படத்துக்கு வைத்திருக்கும் மஞ்சளைக் கடித மூலையில் தடவித்தான் தபாலில் சேர்ப்பார். மஞ்சளைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பாதி கடிதம் படித்த மாதிரி.

ஒருமுறை கடிதம் வர வெகுவாகத் தாமதமானது. பிறகு ஒன்று வந்தது. மஞ்சள் இல்லை. எழுத்தும் தமிழ். அம்மாவின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அதே தெருவில் சாயப்பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த மாமாவை, அதாவது அம்மாவின் அண்ணனை, ஓடிப்போய் அழைத்து வந்தேன். எனக்கோ படிக்கத் தெரியாத வயது; மாமாவுக்குத் தமிழ் எழுத்து தெரியும்.

வாசலில் நின்றபடியே மாமா படித்தார். சட்டென்று கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, வாசலை ஒட்டி ஓடும் கால்வாயில் போட்டுவிட்டார்.

“இன்னாணா எழுதிக்கீது?”

“லாரி கவுந்துபோச்சாம்மா. மச்சான் நெனப்பில்லாம ஆஸ்பத்திரில கெடக்குறாராம். கூடப் போன டிரைவரு எழுதிக்கீறான்.”

“எந்த ஊரு ஆஸ்பத்திரி?”

மாமா கால்வாயைப் பார்த்தார். “ஏதோ வடக்கத்தி பேரு, மனசுல நிக்கல. அதுக்குள்ள கிழிச்சிட்டேனே… கெட்ட சேதிய வூட்ல வச்சிக்கினு இருக்கக்கூடாதுன்னு…”

நம் வழக்கம் அது. துக்கச் செய்தி வந்தால் படித்ததும் கிழித்துவிட வேண்டும். மாமாவின் கை பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. நைனா உயிரோடு இருக்கிறார். எங்கே என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி ஒப்பாரிக்குத் தயாரானார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டறைச் சாயம் ஓடும் அந்தச் சிவப்புத் தண்ணீரில் இறங்கினார்.

“அழறவங்க அப்பால அழுங்க. மொதல்ல பொறுக்குங்க!”

அழ வந்தவர்கள் எல்லாம் இறங்கினார்கள். எது ஊர்ப்பெயர், எது உடம்பு நிலை என்று அம்மாவுக்குத் தெரியாது. அதனால் ஒரு துண்டையும் விடவில்லை. முறத்தில் பரப்பி, மாமா எழுத்துக்கூட்டிச் சேர்த்தார். எல்லாம் சேர்ந்தது, ஊர்ப்பெயர் இருந்த துண்டைத் தவிர. தண்ணீர், கால்வாயை மூடியிருந்த கல்பலகைக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. மாமா வாய்விட்டு அழுதபடி குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டார். துழாவித் துழாவி எடுத்தார். நனைந்த துண்டில் ‘வார்தா’ என்றிருந்தது.

அன்றைக்கே அம்மாவும் மாமாவும் ரயிலேறினார்கள். நினைவு திரும்பியபோது நைனா முதலில் பார்த்தது அம்மாவின் சிவந்த கைகளைத்தானாம். ரத்தம் என்று நினைத்து, “உனக்கு இன்னா ஆச்சு?” என்று பதறினாராம். அதன்பின் அவர் லாரி ஏறவில்லை. நகரி ஸ்டேஷன் எதிரே டீக்கடை போட்டு, கடைசிவரை அம்மாவின் கண்ணெதிரிலேயே இருந்தார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும் நன்றி. மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன ஆண்டு கருமாதிப் பத்திரிகையை மாமாவிடம் நானே கொடுத்தேன். மற்றவர்கள் படித்துவிட்டு வழக்கப்படி கிழித்தார்கள். மாமா தங்கையின் பெயரை விரலால் தடவினார். பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கிழிக்கலியா மாமா?”

“இதுல அட்ரஸ் கீதும்மா.”