பேருக்கு முன்னால் தீ

எங்கள் கொள்ளுத்தாத்தாவை யாரோ கொளுத்திவிட்டார்கள் என்ற விஷயம், நான் ஏழாவது படிக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிய வந்தது. கண்டுபிடித்தவர் சித்தப்பா.

அவருக்கு அப்போது குடும்ப வரலாறு எழுதும் ஆசை பிடித்திருந்தது. லாஸ்பேட்டையில் கிளார்க் வேலை. சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்தியதும் நேராக எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். கொள்ளுத்தாத்தா செத்த பிறகு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பத்திரம் எழுதிப் பதியும் நொத்தேர் ஒருவர் வந்து, வீட்டிலிருந்த சாமான்களையெல்லாம் பிரெஞ்சில் எழுதிவைத்த பத்திரத்தின் ஜெராக்ஸ் எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. எழுத்தெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கிடக்கும். பூதக்கண்ணாடியும் அகராதியுமாக மல்லுக்கட்டி கட்டில், பித்தளை அண்டா, மாட்டுவண்டி, முள் இல்லாத கடிகாரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். கடைசியாக மாட்டியது பிரெஞ்சில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல். கொள்ளுத்தாத்தா பேர் வருகிற இடத்திலெல்லாம் அதற்கு முன்னால் 'ஃபெ' என்று இருந்தது. அகராதியில் பார்த்தால், தீ.

"பேருக்கு முன்னாடி தீ தீன்னு எழுதியிருக்கான். சும்மா எழுதுவானா?" என்றார் சித்தப்பா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கட்டிலு எரியல. வண்டி எரியல. ஆளு மட்டும் எப்படி எரிஞ்சாரு?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். பத்திரத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. அவருடைய வாரிசுதான் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த வீடுகள், நடுவில் இருவருக்கும் பொதுவான முற்றம். பெரியப்பா மகளை நான் அக்கா என்பேன். முற்றத்தைத் தாண்டித் தாண்டி இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"நடுவுல ஒரு சுவரு வெச்சிடலாம்ண்ணே. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்" என்றார் சித்தப்பா. அம்மாவும் ஆமாம் போட்டாள். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எனக்கு இஷ்டமில்ல. நீங்கள்லாம் சொல்றதால பாக்கலாம்" என்றார். அப்பா எவ்வளவு நல்லவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பிறகு பெரியம்மா எது செய்தாலும் குற்றமாகத்தான் தெரிந்தது. மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். அம்மா சிரித்து வாங்கிக் கொல்லையில் கொட்டினாள். மறுநாள் பெரியம்மா தீப்பெட்டி கேட்டு வந்தாள். அடுப்படியில் முழுப் பெட்டி இருக்கும்போதே, "தீந்துபோச்சிக்கா" என்றாள் அம்மா. பெரியம்மா போனதும், "இத்தன வீடு இருக்க நம்மகிட்ட வந்து எதுக்கு நெருப்பு கேக்குறா?" என்று சித்தப்பாவிடம் ரகசியமாகக் கேட்டாள். அக்கா முற்றத்தில் நின்று கூப்பிட்டால், தலைவலி என்று சொல்லச் சொல்லி உத்தரவு. எனக்கு அழுகையாக வந்தது. அதே சமயம், அவள் கை வீசி நடப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பள்ளியில் எனக்கு பிரெஞ்சு உண்டு. தாங்க முடியாமல் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் மிஸ்ஸிடம் காட்டினேன். மிஸ் சிரித்துவிட்டார்.

"பேருக்கு முன்னாடி வந்தா தீ இல்லடி. செத்துப்போனவங்கன்னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகைல 'காலஞ்சென்ற'ன்னு போடுறோமில்ல, அதான்."

கொள்ளுத்தாத்தா எரியவில்லை! சும்மாதான் செத்திருக்கிறார்! அன்று வீட்டுக்கு ஓடிய மாதிரி நான் எப்போதும் ஓடியதில்லை. வாசலில் ஒரு லாரி நின்று செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் நின்றார்கள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்து, "உங்க மிஸ்ஸுக்கு எந்த ஊரு?" என்றார்.

"அரியாங்குப்பம்."

"பெரியம்மாவுக்கும் அரியாங்குப்பம்தானே?" என்று அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தீ இல்லப்பா. அப்ப சுவரு வேணாமில்ல?"

அப்பா என் தலையைத் தடவினார். "கல்லு வந்து எறங்கிடுச்சேம்மா" என்றார், ரொம்ப வருத்தமாக.

அதற்குள் லாரிக்காரர் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். "கோவிச்சிக்காதீங்க சார். போன மாசமே சொன்னீங்க. சூளையில இப்பதான் கல்லு கெடச்சிது."

அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். சித்தப்பாவின் அகராதியில் தீ புறப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாவம் அப்பா, இவ்வளவு கல்லையும் இனி யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன்.