வெளிச்சம் பார்க்க உட்கார்ந்தவர்

நீதிமன்றத்தில் அவளுக்கு ‘ஸ்டே அக்கா’ என்று பெயர். எந்த வழக்கிலும் முதல் வாய்தாவிலேயே இடைக்காலத் தடை வாங்கிவிடுவாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர் அது. முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘ஸ்டே அக்கா’. அவளுக்கும் அது தெரியும். உள்ளூரப் பிடித்தும் இருந்தது. சொத்துத் தகராறுகளிலேயே ஊறிப்போனவள். அண்ணன் தம்பிகள் ஒரு சுவருக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தாள்.

நாற்பத்தாறு வயதில் சினிமா அவளைப் பிடித்துக்கொண்டது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் சுவர் விரிசலைப் பார்வையிட்டு வீடியோ எடுத்துத் தர நீதிமன்றம் அவளை நியமித்திருந்தது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் கேமராமேன் ஒருவரை அழைத்துக்கொண்டு போனாள். உள்ளறையில் ஒரு கட்டில், கதவு திறந்த பீரோ, அதன் கண்ணாடியில் ஜன்னல். வெளியே இரு தரப்பும் காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தன. கேமராவின் சின்னத் திரையில் மட்டும் அந்த அறை அத்தனை அமைதியாக இருந்தது.

“இதுல கொஞ்சம் நில்லுங்க. நகராதீங்க” என்றாள்.

வீடியோவைப் பார்த்த நீதிபதி, “வக்கீலம்மா, விரிசலைக் காட்டச் சொன்னா கண்ணாடியையே காட்டிட்டு இருக்கீங்களே?” என்றார். கோர்ட்டே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்த அறை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

வார இறுதியில் நடந்த ஒரு திரைப்பட வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவள் மகள் வயது. அவள் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். வக்கீல்கள் அறையிலோ, “என்ன மேடம், எப்ப எங்களுக்கெல்லாம் சான்ஸ்?” என்று ஒரே கிண்டல். அங்கேயும் ஒட்டாமல் இங்கேயும் ஒட்டாமல் ஒரு குறும்படம் எடுத்து முடித்தாள். படத்தொகுப்பு செய்த எடிட்டர் பெண் நறுக்கென்று சொன்னாள்: “மேடம், உங்க படத்துல எல்லாரும் கூண்டுல நிக்கிறாங்க. கேள்வி, பதில், கேள்வி, பதில். யாராவது கொஞ்சம் சும்மா இருக்கட்டுமே.”

சும்மா இருப்பதைப் பற்றி எடுக்க அவளிடம் விஷயம் இருந்தது. வீடு. மகள் வேலை கிடைத்துத் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். கணவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. “மோட்டார் போட்டாச்சா?” “போட்டாச்சு.” “கேஸ் வந்துச்சா?” “வந்துச்சு.” அவ்வளவுதான் பேச்சு. பகலெல்லாம் பேசிப் பிழைப்பவளுக்கு வீட்டில் வாய் திறக்க ஆள் இல்லை என்று ஒரு குறை. அதையே கதையாக எழுதினாள். பேச ஏங்குகிற மனைவி, சுவர் மாதிரிக் கணவன்.

மனைவியாக நடிக்க ஒரு நாடகக்காரம்மா கிடைத்தார். கணவனாக, ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லாரிடமும் முறையாக ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள், வக்கீல் புத்தி. படப்பிடிப்பு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

முதல் நாள் காலையில் தபால்காரரிடமிருந்து போன் வந்தது. “மேடம், பல்லு புடுங்கிட்டேன். கன்னம் பன்னு மாதிரி வீங்கிருக்கு. இன்னைக்கு விட்டுடுங்க.”

அதே கல்யாண வீட்டுக் கேமராமேன் விளக்குகளை நட்டு வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, செய்தித்தாளை எடுக்க அவள் கணவர் கூடத்துக்கு வந்தார்.

“சார், ஒரு அஞ்சு நிமிஷம் அந்தச் சேர்ல உக்காருங்க. வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்துக்கறேன்.”

“நானா? எனக்கு நடிக்கல்லாம் வராதுப்பா.”

“நடிக்க வேணாம் சார். சும்மா உக்காந்தா போதும்.”

உட்கார்ந்தார். மேசையில் காட்சிக்காக இரண்டு தட்டுகள், இரண்டு டம்ளர்கள். சிறிது நேரத்தில் கேமரா இருப்பதையே மறந்துவிட்டார் போல. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். எதிர்த் தட்டின் மேலிருந்த மூடி கோணலாக இருந்தது, எட்டிச் சரிசெய்தார். எதிர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தன் டம்ளரில் ஊற்றவில்லை. மறுபடி வாசலைப் பார்த்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இன்னும் கிட்டே குனிந்தாள். அவள் கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு வீடு திரும்பும்போது மேசையில் மூடிய தட்டும் நிறைந்த டம்ளரும் தயாராக இருக்கும். அவர் தன் அறைக்குப் போயிருப்பார். தட்டு தானாக வந்து உட்கார்ந்துகொள்வதுபோல அவள் சாப்பிட்டுவிட்டுப் போவாள். இத்தனை வருடமும் ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்து, வாசலைப் பார்த்துப் பார்த்து, எழுந்து போயிருக்கிறார். அவள் எழுதியிருந்த கதையில் அந்த ஆளே இல்லை.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பிறகு தபால்காரரை வைத்து மற்ற காட்சிகளை முதுகுப்புறமிருந்தே எடுத்து, நடுவில் இந்தக் காட்சியை வைத்து ஒட்டினார்கள். “இப்பதான் மேடம் இது படம்” என்றாள் எடிட்டர் பெண்.

ஒரு மாலை அவரைக் கூப்பிட்டு மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். அவர் அசையாமல் பார்த்தார்.

“நான் இப்படியா உக்காந்திருக்கேன்?”

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க.”

“இது நடிப்பு இல்லையே. இதை எடுத்துடு.”

“பக்கவாட்டுல பாதி முகம்தான் தெரியுது. யாருக்கும் அடையாளம் தெரியாது. அதுவும் நீங்களாதானே உக்காந்தீங்க, கேமராமேன் கேட்டப்போ...”

“கோர்ட்ல பேசற மாதிரி பேசாத” என்றார். குரல் உயரவில்லை. “வெளிச்சம் பாக்கணும்னு சொன்னாரு. அதுக்குத்தான் உக்காந்தேன்.”

உலகத்துக்கே ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பவள், இவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாமல் போனதுதான் உறைத்தது. மறுநாள் அந்தக் காட்சியை அழிக்கச் சொன்னாள்.

எடிட்டர் பெண் கோபப்பட்டாள். “படமே அதுதானே மேடம்! சாரை சமாதானப்படுத்துங்களேன்.”

“வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். அழிச்சிடு. காப்பியும் வேண்டாம்.”

கன்ன வீக்கம் வடிந்த தபால்காரரை உட்கார வைத்து அதையே திரும்ப எடுத்தார்கள். அவர் உருகி உருகி மூடியைச் சரிசெய்தார், உருகி உருகித் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு சின்னக் குறும்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. பாதி அரங்கு காலி. வக்கீல்கள் யாரும் வரவில்லை. மகள் போனில் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா, கொஞ்சம் ஸ்லோ” என்றாள். கூப்பிடாமலே கணவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்தபோதுதான் அவள் பார்த்தாள். கைதட்டல் மரியாதைக்குக் கேட்டு அடங்கியது.

காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சிக்னலில் நின்றபோது அவராகச் சொன்னார்.

“அந்த ஆளு தண்ணி ஊத்தினது சரியில்ல.”

“ஏன்?”

“ரொம்ப சோகமா ஊத்தறாரு. தண்ணிய யாரும் அப்படி ஊத்த மாட்டாங்க.”

“நீங்க என்ன நினைச்சுட்டு ஊத்துவீங்க?”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் கியரைப் போட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. சாட்சியை மடக்கி மடக்கிக் கேட்கத் தெரிந்தவளுக்கு, கேட்காமல் விடுவது அன்றைக்குத்தான் வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சில நாட்கள் வழக்குக் கட்டுகளை மூடிவிட்டுச் சீக்கிரம் வந்து அவருக்கு எதிரே உட்கார்கிறாள். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரிவதில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார்.

இப்போது லிஃப்ட் இயக்குபவர் ஒருவரைப் பற்றி அடுத்த படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒத்திகை வீட்டில்தான். கேமராமேனின் வண்டிச் சத்தம் கேட்டதும் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார்.

“எப்ப முடியும்?” என்று மட்டும் கேட்பார்.

“சாயங்காலம் ஆயிடும்.”

“சரி.”

தெருமுனை திரும்பும்வரை அவர் போவதை அவள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளேயிருந்து கேமராமேன் கூப்பிடுவார், “மேடம், ரெடி.”