குடம் உள்ளே வராது

வாலிநோக்கத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பேரைச் சொன்னால் பழைய ஆட்கள் இப்போதும் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறவள் முத்தழகு. எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். போன மாதம் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், ஆசிரியர் அறைக்கு ஒரு குடம் தண்ணீரை யாராவது ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார். அவள் அரிசி அளந்துகொண்டே, "குடம் உள்ள வராது சார், நீங்கதான் வரணும்" என்றாளாம். என்ன திமிர் பாருங்கள் என்று என்னிடமே வந்து குறைப்பட்டார். திமிர்தான், யார் இல்லை என்றது? அது எங்கே முளைத்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எண்பத்து மூன்றில் எங்கள் பள்ளிக்கூடத்தில் குழாயும் கிடையாது, கிணறும் கிடையாது. கடற்கரை மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதைத்தான் ஊற்று என்போம். தேங்காய்ச் சிரட்டையால் மேலாக, பொறுமையாக மொள்ள வேண்டும். அவசரப்பட்டு அள்ளினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், அப்புறம் அது வாயில் வைக்க ஆகாது. ஆசிரியர் அறைக்கு இந்தத் தண்ணீரைச் சுமந்தது எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள், முறை வைத்து. பையன்களுக்கு முறை கிடையாது. பிள்ளைகள் குடிக்கத் தனியாகக் குடமும் கிடையாது, தாகம் எடுத்தால் வீட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

தலைமையாசிரியர் குருநாதன் சாரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்கு நன்றாகவே நடத்துவார். ஆனால் நடத்துவது பையன்களுக்கு. அவர் வகுப்பு தொடங்கும்போதுதான் அவருக்குக் குடத்தின் ஞாபகம் வரும். அன்றைக்கு யார் முறையோ அவள் எழுந்து போவாள், திரும்பும்போது கரும்பலகையைத் துடைத்திருப்பார்கள்.

முத்தழகுக்கு இது பொறுக்கவில்லை. அவள் அம்மா பாண்டியம்மாள் உப்பளத்தில் வேலை செய்கிறவர். அக்காவும் அங்கேதான். பள்ளிக்கூடம் உன்னை வைத்திருக்கிற வரைக்கும் படி, அனுப்பிவிட்ட மறுநாளே உப்பளத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முத்தழகோ எட்டாவது முடித்து சாயல்குடி உயர்நிலைப்பள்ளிக்குப் போவதாக முடிவு செய்து வைத்திருந்தாள். முடிவு அவளுடையது, கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஒரு நாள் சார் வட்டிக் கணக்குப் போடச் சொன்னார். அது முந்தைய நாள் நடத்திய பாடம். முந்தைய நாள் முத்தழகு ஊற்றில் இருந்தாள். தெரியவில்லை என்றதும் கையில் பிரம்படி விழுந்தது. அடித்த கையோடு, "வீரலட்சுமிக்கு ஒடம்பு சரியில்ல, இன்னைக்கும் நீயே தண்ணிக்குப் போயிட்டு வா" என்றார். எனக்கே வயிறு எரிந்தது. அடி வாங்கியவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் ஊற்றுக்குப் போகவில்லை. போகிற வழியில் உப்பளம். பாத்தியில் வெயிலுக்குக் காய்ந்து உப்பு முற்றிப்போன தண்ணீர் பார்வைக்குப் பன்னீர் மாதிரி தெளிவாக நிற்கும். அதை மொண்டு வந்து ஆசிரியர் அறைக் குடத்தில் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அன்று பார்த்துக் கல்வி அதிகாரி வந்திருந்தார். அவருக்குப் போட்ட டீயில் பால் திரிந்து போனது. அதோடு முடிந்திருந்தால் எங்களுக்குச் சிரிப்புத்தான். விக்கல் எடுத்து நின்ற ஒன்றாம் வகுப்புப் பூமயிலுக்கு யாரோ அந்தக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் கொடுத்துவிட்டார்கள். குழந்தை மடமடவென்று குடித்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். யார் செய்தது என்று கேட்பதற்கு முன்பே முத்தழகு எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. பூமயிலை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

பாண்டியம்மாளுக்கு ஆள் போனது. காலெல்லாம் உப்புப் பூத்து, வேலையிலிருந்து அப்படியே வந்தார். அதிகாரிக்கு முன்னால் தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சார் நீளமாகச் சொன்னார். அந்த அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. மகளிடம், குடிக்கிற தண்ணியில உப்பக் கலந்தியா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். ஓங்கி ஓர் அறை விட்டார்.

சாருக்கு முகம் மலர்ந்தது. பாண்டியம்மாள் அவர் பக்கம் திரும்பி, "தண்ணியக் கெடுத்ததுக்கு நான் அடிச்சுட்டேன் சார். பாடம் படிக்க அனுப்புன புள்ளையத் தண்ணி தூக்க விட்டதுக்கு யாரு அடிக்கிறது?" என்றார்.

அந்த அறையில் அப்படி ஒரு கேள்வி அதுவரைக்கும் விழுந்ததில்லை. சார் சிவந்துபோனார். நாளைச் சாயங்காலத்துக்குள் முத்தழகு எல்லார் முன்னாலும் தன் காலில் விழுந்து, இனி ஒழுங்காகத் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டிசியைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன் என்றார். டிசி என்றால் உப்பளம். அது அவருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்றையோ குடிதண்ணீரையோ கெடுத்தவர், அதனால் கஷ்டப்பட்டவருக்குத் தன் கையால் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முஸ்லிம் வீடு, இந்து வீடு என்ற பேதம் அதில் இல்லை, யாரும் அதை மீறியதும் இல்லை. ஆகவே தண்ணீர் சுமக்க மாட்டேன் என்றவள் எப்படியும் தண்ணீர் சுமந்தே ஆக வேண்டும். வசமாக மாட்டிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் பிரார்த்தனைக்கு நாங்கள் வரிசையில் நிற்கும்போது முத்தழகு இடுப்பில் குடத்தோடு வந்தாள். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு காலை நேராக வைத்து நின்றார். அவள் அவரையும் ஆசிரியர் அறையையும் தாண்டிப் போய், பூவரச மரத்தடியில் குடத்தை இறக்கினாள். மூடியாகச் சிரட்டையைக் கவிழ்த்தாள். பூமயிலைக் கூப்பிட்டு, முதல் சிரட்டைத் தண்ணீரை அவள் கையில் ஊற்றினாள்.

"தங்கச்சி, ஒன்னைய வாந்தி எடுக்க வச்சது என் தப்பு. அதுக்குத்தான் இந்தக் கொடம்" என்றாள். பிறகு சாரைப் பார்த்து, "தெனமும் மணியடிக்க முன்ன கொண்டாந்து வைக்கிறேன் சார். எல்லாப் புள்ளைகளும் குடிக்கட்டும். கணக்குப் பாடத்துல போகமாட்டேன். கால்லயும் விழமாட்டேன். கொடம் உள்ள வராது, ஒங்களுக்கு வேணும்னா இங்கன வாங்க."

இரண்டு கையிலும் அடித்தார். ஒரு கை சிவந்ததும் அவளே மறு கையை நீட்டியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அடித்து முடித்து, மரத்துக்கு அப்பால் வெயிலில் முட்டி போட வைத்தார். சாயங்காலம் வரைக்கும்தான் கெடு என்றார்.

கணக்கு வகுப்பு வந்தது. வழக்கம்போல் குடத்தின் ஞாபகமும் வந்தது. "சாலிஹா, போ" என்றார். சாலிஹா நான்தான். என் வாப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்பது தெரியும். ஆனாலும் சன்னல் வழியாக முத்தழகின் முதுகு தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வீரலட்சுமியைச் சொன்னார், அவளும் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பெண்பிள்ளைகள் யாருமே அசையவில்லை. எங்கள் எல்லாருக்கும் அடி விழுந்தது. விழட்டும் என்று இருந்தது.

வேறு வழியில்லாமல் மலையாண்டியை அனுப்பினார். வாழ்நாளில் சிரட்டை பிடிக்காத ராஜகுமாரன் அவன். போன வேகத்தில் அரக்கப்பரக்க அள்ளிக்கொண்டு வந்தான். சார் ஒரு வாய் குடித்துவிட்டுச் சன்னல் வழியாகத் துப்பினார். மலையாண்டி தலையைச் சொறிந்தான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

பிற்பகல் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் அவர் தொண்டை கட்டிவிட்டது. கடைசிப் பாடவேளை மணிக்குக் கொஞ்சம் முன்னால், வகுப்பை விட்டு இறங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பூவரச மரத்தடிக்குப் போய், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, சிரட்டையால் மொண்டு குடித்தார். இன்னொரு சிரட்டையும் குடித்தார். முட்டி போட்டிருந்த முத்தழகு பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடமே சன்னலில் நின்றது.

வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "எந்திரிச்சு உள்ள போ. வட்டிக் கணக்குத் திரும்ப நடத்தப் போறேன்" என்றார்.

முத்தழகு எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"சிரட்டையக் கவுத்து வச்சிட்டு வாங்க சார். மண்ணு விழும்" என்றாள்.

அவர் மறுபடி குனிந்து கவிழ்த்து வைத்தார்.