அஸருக்குப் பிறகு வலைப்பந்து

நாள் முழுக்கத் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருப்பவள் நான். இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டு வருகிறது, தினமும் நடங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். எங்கே நடப்பது? கடற்கரையில் வலை இழுக்கிற ஆண்கள். பிரதான வீதியில் பஸ்ஸும் பார்க்கிற கண்களும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர், அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் பாடசாலை மைதானத்தில் வலைப்பந்து விளையாட அனுமதி வாங்கினார்கள். அங்கே மதில் உயரம். அவர்களுக்கு நீளக்கைச் சட்டை தைக்க அளவெடுக்கப் போன என்னை, ஆள் குறைகிறது என்று இழுத்து நிறுத்திவிட்டார்கள். முதல் பந்து மூக்கில் பட்டது. ஆனாலும் மறுநாளும் போனேன். என் மூத்த சகோதரரான காக்காவின் மனைவி, மதினியையும் கூட்டிக்கொண்டு.

மதினி எப்போதும் களைத்திருப்பார். பிள்ளைகளின் வேலை என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் பந்தைத் துரத்தியவர் கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துக் கிடந்தது.

"ஒண்டுமில்ல புள்ள, வெயில்."

"எங்க மதினி வெயில்? மழை மூடிட்டு நிக்கிது."

எங்களோடு விளையாடும் தாதி ஒருத்தி அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "ரெத்தமே இல்ல. நாளைக்கு இல்ல, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆட்டோவில் மதினி என் காதுக்குள் சொன்னார்: "மாசத்துல பாதி நாள் எனக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கு. இத யாருக்கிட்டக் கதைக்கிற?"

இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கருப்பையில் கட்டி தெரிந்தது. காக்கா என் மேல் சீறினார்: "விளையாடக் கூட்டிப் போய்த்தானே இந்த வில்லங்கம்!" ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், ஒரு சட்டைக்கும் என்னால் நேராகத் தையல் போட முடியவில்லை.

முடிவு வந்தது. பொல்லாத கட்டியில்லை.

டொக்டரம்மா காக்காவிடம் சொன்னார்: "ஓடினதாலதான் பிடிபட்டிச்சு. வீட்டுக்குள்ளயே இருந்திருந்தா இன்னும் காலம் கடத்தியிருப்பாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று காக்கா சுவரில் சாய்ந்து அழுதார். எங்கள் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது விளையாட்டு முடிந்ததும் யாரும் உடனே வீட்டுக்கு ஓடுவதில்லை. முக்காட்டைச் சரிசெய்தபடி ஒருத்தி தன் மூட்டுவலியைச் சொல்வாள், இன்னொருத்தி மாதவிடாயைப் பற்றித் தாதியிடம் மெதுவாகக் கேட்பாள்.

டொக்டரம்மா சரி சொன்ன பிறகு மதினியும் திரும்பி வந்தார். காக்கா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பாடசாலைக் கேற்றடியில் இறக்கிவிட்டு, "மெதுவா ஓடு" என்பார்.

"மெதுவா ஓடினா பந்து யாருக்கிட்டப் போகும்?" என்று கேட்டுக்கொண்டே மதினி உள்ளே போய்விடுவார்.