குமுதாவை நம்பாத அமராவதி

அமராவதிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. மீன்காரன் சிரித்தால் மீன் பழசு என்பாள். சிரிக்காவிட்டால் தராசு சரியில்லை என்பாள். புக்கிட் செந்தோசாவில் அவள் வீட்டுக் கதவுக்கு மூன்று பூட்டு. உள்ளே திருட ஒரு பழைய டிவியைத் தவிர எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று குமுதா வந்தால் சும்மா இருப்பாளா?

இருவரும் புக்கிட் பெருந்துங்கில் ஒரே கையுறைத் தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள். லைன் லீடர் வேலை காலியாகியிருந்தது. இங்கிலீஷில்தான் நேர்முகத் தேர்வு என்று புது மேனேஜர் சொல்லிவிட்டார். இருவருமே மனுப் போட்டிருந்தார்கள். அமராவதிக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். நின்று நின்று முழங்கால் வீங்கிப் போயிருந்தது. லீடருக்கு நாற்காலி உண்டு. கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

"அக்கா, நான் ஃபாம் ஃபைவ் வரைக்கும் படிச்சிருக்கேன். பஸ்ல போறப்ப சொல்லித் தர்றேன் லா," என்றாள் குமுதா.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனாலும் சும்மா வருவதை விடுவானேன் என்று அமராவதி தலையாட்டி வைத்தாள்.

முதல் நாள் 'டேக்' என்றால் எடு. மறுநாள் அதே டேக், மருந்தோடு சேர்ந்தால் சாப்பிடு, பஸ்ஸோடு சேர்ந்தால் ஏறிப் போ. 'ரன்' என்றால் ஓடு. ஆனால் மெஷினும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். 'கெட்' பற்றிக் கேட்கவே வேண்டாம், அதற்கு ஊர்ப்பட்ட அர்த்தம். நாளுக்கொரு பேச்சு பேசுகிறவளை எப்படி நம்புவது? ராவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் மகள் மோகனாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"எல்லாம் கரெக்ட்தான்மா. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க."

"நல்லாவா? அப்படின்னா உள்ளுக்குள்ள வேற என்னமோ இருக்கு!"

நேர்முகத்தன்று காலையில் பஸ்ஸில் அந்த 'வேற என்னமோ' வந்தது. குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள் குமுதா.

"நேத்து கோலசிலாங்கூர் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன்கா. பையில வச்சுக்குங்க."

வாங்கியதுமே அமராவதிக்குப் புரிந்துவிட்டது. செய்வினை! செய்தவர் பையிலேயே பழத்தைப் போட்டுவிட்டால் வினை அவரிடமே திரும்பிவிடும் என்று தான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் சொல்லக் கேட்டிருக்கிறாள். குமுதா கண்ணயர்ந்ததும் பழத்தை அவள் பைக்குள் நழுவவிட்டாள். நழுவவிட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

நேர்முகம் நன்றாகவே நடந்தது. லைனை எப்படி 'ரன்' பண்ணுவாய் என்று மேனேஜர் கேட்டபோது அவள் தடுமாறவில்லை. ஆட்களை எந்தெந்த இடத்தில் நிறுத்துவேன், மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவேன் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

மதியம் கேன்டீனில் குமுதா சாப்பாட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். பழம் மேசையில் உருண்டது. குமுதாவும் தோட்டத்தில் பிறந்தவள்தான், பழம் திரும்பி வந்ததன் அர்த்தத்தை விளக்கியா சொல்ல வேண்டும்? அவள் முகம் செத்துவிட்டது.

"உங்க பேரு, நட்சத்திரம் சொல்லித்தான் அர்ச்சனை பண்ணேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலன்னா வெளியாள் வந்து நம்ம லைனையே ஆட்டிவச்சிருவான். நீங்க வந்தாலும் நல்லதுன்னுதான் சொல்லிக் குடுத்தேன்."

அமராவதியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம் வேலை அமராவதிக்கே கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். குமுதாவும் வந்தாள்.

"கங்கிராட்ஸ், மேடம்."

"அக்கான்னே கூப்பிடு குமுதா. புத்தி கெட்டுப்போச்சு எனக்கு."

"டியூட்டி நேரம், மேடம்," என்று சொல்லிவிட்டுக் குமுதா தன் இடத்துக்குப் போய், நின்றபடியே கையுறைகளை அடுக்கத் தொடங்கினாள்.