பிள்ளையை யாராவது கூப்பிடுவார்களா

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான நிகழ்ச்சிக் குழுவில் இருந்தேன். எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, மேசைக்கு ஒரு நாட்டுக் கொடியைக் குத்தி வைப்போம். நம் மேசையில் முறுக்கு, மருதாணி, ஒட்டுப்பொட்டு. வருகிறவர்களுக்கு மேலோட்டமாக ஒரு சேலையைச் சுற்றிவிட்டுப் படம் எடுத்துக் கொடுப்போம். ஒருவர் நிதானமாக நடந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் பாதி உலகத்தைப் பார்த்து முடித்துவிடலாம். இதற்குக் கலாசாரப் பரிமாற்றம் என்று பெயர். எனக்கு அப்போதே இதில் எரிச்சல் உண்டு. ஆனால் மருதாணி போட ஆள் இல்லை என்பதால் என்னைக் குழுவைவிட்டு விடமாட்டார்கள்.

அவற்றில் உருப்படியானது என்று நான் நம்பியது 'அனாக் அங்காட்' திட்டம் ஒன்றைத்தான். மலாயில் அதற்கு வளர்ப்புப் பிள்ளை என்று பொருள். ஒரு பருவம் மட்டும் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களை ஒரு வார இறுதிக்கு உள்ளூர்க் குடும்பங்களில் தங்க வைப்பார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்று குறைகிறது என்று குழுவில் புலம்பினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டேன். வீடு சுங்கை பாக்காப்பில். அப்பா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். ஒரே பிள்ளையான நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருந்த பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். அம்மா பெரும்பாலும் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு வந்தவள் ஒரு ஜப்பான்காரப் பெண். என் விடுதியில், என் மாடியிலேயே இருந்தாள். நடக்கும்போதுகூடச் சத்தம் வராது. எதற்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

பிள்ளைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைக்க மண்டபத்தில் ஒரு சடங்கு வைத்தார்கள். அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்து, "இன்று முதல் இவர்கள் உங்கள் பிள்ளைகள்" என்று மலாயில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் கைதட்டவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிரூட்டி முகத்துக்கு நேரே வீசியதால்தான் என்று நினைத்தேன். பிறகு அம்மா அவள் கையைப் பிடித்தவர், அவள் காடியில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை விடவில்லை.

அந்த வார இறுதியில் எங்கள் வீடு கலகலப்பாக இருந்தது. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாததால் எல்லோரும் உரக்கப் பேசினோம். அப்பா என்னைக் காட்டி, "இதத்தாம்மா தவிட்டுக்கு வாங்குனோம். நீதான் சொந்தப் புள்ள" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் நாள் காலையில் பசியாறியதும் தட்டைக் கழுவித் தப்பான இடத்தில் வைத்தாள். அம்மா, "ஏய், எத்தன வாட்டி சொல்றது, அங்க வைக்காத!" என்று அதட்டினார். நான் பதறிப்போனேன். அவளோ வேறு இடத்தில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் 'சின்னவள்'.

கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா வாசல் கதவுவரை போய், "கண்டிப்பா மறுபடியும் வரணும்" என்று சொல்வார். காடி நகர்ந்தபின் கண்ணாடியைத் தட்டிக்கூடச் சொல்வார். சின்னவளிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. "பாத்துப் போ, நேரத்துக்குச் சாப்புடு" என்றார். எனக்கு எப்போதும் சொல்வது அதுதான். அவள் வாசல் கேட்டருகே நின்று குனிந்து வணங்கினாள். இன்னும் ஏதோ சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

தீபாவளி நெருங்கியது. அம்மா சின்னவளுக்கும் சேர்த்துத் துணி எடுத்துவிட்டார். இளஞ்சிவப்பில் ஒரு பஞ்சாபி சூட். அளவுக்கு என் பழைய சட்டையை எடுத்துப்போய்க் கடைக்காரரிடம், "இதவிட கொஞ்சம் ஒல்லி" என்றாராம். தொலைபேசியில் இதைக் கேட்டதும், "அப்ப அவகிட்ட சொல்லிரட்டாம்மா, தீபாவளிக்கு வான்னு?" என்றேன்.

"நீ ஒன்னும் சொல்லாத."

"ஏம்மா?"

"ஒன்ன நான் கூப்புட்டா வர்ற? ஊர்ல உள்ளவங்களத்தான் கூப்புடணும். புள்ளய யாராச்சும் கூப்புடுவாங்களா? நீ கெளம்பறப்ப அவளும் பைய தூக்கிட்டு வருவா பாரு."

"அவளுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. ஜப்பான்காரி லா."

"ஜப்பான்காரின்னா? அம்மா வீடுன்னா தானா தெரியும். நீ கூப்புட்டுத் தொலைச்சேன்னா அவ விருந்தாளி ஆயிருவா. அப்பறம் நான் அவளுக்கு விருந்தாளிக்குப் போடற மாதிரி எல போட்டு ஒக்கார வைக்கணும்."

இதற்கு மேல் அம்மாவிடம் பேச முடியாது. அவர் பேச்சில் ஒரு நியாயமும் இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். எனக்கும் உள்ளூர ஓர் ஆசை, அவள் தானாகவே வந்து நிற்கவேண்டும் என்று. அப்படி வந்தால் எங்கள் கொடி, மேசை, ஒட்டுப்பொட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அர்த்தம் வந்துவிடும்.

விடுதியில் சின்னவள் தீபாவளியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் என்ன செய்வீர்கள், எண்ணெய் யார் வைத்துவிடுவார்கள், அம்மா என்ன சமைப்பார். நான் வகுப்பு எடுப்பதுபோல் எல்லாவற்றையும் விளக்கினேன். குழுவில் இருந்த பழக்கம். ஒருநாள் நம் துணிக்கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறாயா என்று கேட்டாள். இருவரும் ஜார்ஜ்டவுனுக்குப் பேருந்தில் போனோம். அவள் வெகுநேரம் தேடி, தனக்கு ஒரு மஞ்சள் பஞ்சாபி சூட் வாங்கிக்கொண்டாள். பண்டிகை முடிந்து மண்டபத்தில் வழக்கமான தீபாவளி இரவு நிகழ்ச்சி வரும், அதற்குத்தான் வாங்குகிறாள் என்று எண்ணினேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தீபாவளிக்கு முதல்நாள் நான் ஊருக்குக் கிளம்பினேன். அவள் என் அறைக் கதவருகே வந்து நின்றாள்.

"இன்றைக்கா போகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமாம். நாளைக்கு அம்மா நிறையச் சமைப்பார்கள்" என்றேன். அம்மா போட்ட கட்டளைக்குள் என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வேண்டுமென்றே மெதுவாகத் துணிகளை மடித்தேன். அவளும் நகரவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடிய பிறகு, "தீபாவளி வாழ்த்துகள்" என்று தமிழில் சொன்னாள். நன்றாகப் பழகி வைத்திருந்தாள்.

வீட்டு வாசலில் நான் மட்டும் இறங்குவதைப் பார்த்தபோதும் அம்மா நம்பிக்கையை விடவில்லை. "காலையில வருவா. வெள்ளன பஸ் இருக்குல்ல" என்றார். மறுநாள் எனக்கும் அப்பாவுக்கும் எண்ணெய் வைத்துவிட்ட பிறகு, கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை மூடி வைத்தார். சாமி மேடையில் மஞ்சள் தடவிய புதுத்துணிகளில் இளஞ்சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. தோசை ஆறியது. அண்டை வீட்டு மலாய்க்காரர்களும் சீனர்களும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அம்மா எல்லோரையும் உபசரித்தார், சிரித்தார், மறுபடியும் வரணும் என்று வாசல்வரை வந்து சொன்னார். மத்தியானத்துக்கு மேல், "அவளுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்து அலமாரியில் வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அதன்பின் அம்மா அவளைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார். ஒரு சனிக்கிழமை அழைத்துவரட்டுமா என்றதற்கு, வீடு கிடக்கும் கிடையில் வேண்டாம் என்றார். எனக்கும் அவள்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. துணி மடிக்கும் நேரம் முழுவதும் நின்றவள், கூட வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மனத்துக்குள் பொருமினேன்.

பருவம் முடிந்து அவளை விமான நிலையத்தில் விடப் போனேன். பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வந்தவள், வழக்கம்போல் முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?" என்றாள்.

"ஏன் அப்படிக் கேட்கிறாய்?" என்றேன்.

"வீட்டில் தட்டைத் தப்பாக வைத்தேன். போகும்போது அவர் மறுபடியும் வா என்று சொல்லவில்லை. ஆனாலும் தீபாவளிக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அன்று காலையிலேயே அந்த மஞ்சள் உடையைப் போட்டுக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். நீ தொலைபேசியில் அழைத்தால் உடனே பஸ் பிடிக்கலாம் என்று. கூப்பிடாத வீட்டுக்குப் பண்டிகை நாளில் எப்படிப் போவது?"

நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சின்னவள் என்ற பெயரை, இளஞ்சிவப்புத் துணியை, பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்ற அம்மாவின் சட்டத்தை. அவள் அழுதாள். இங்கிருந்தபோது ஒருநாளும் அழாதவள், எல்லோர் முன்னாலும் அழுதாள். நேரமாகிவிட்டது, உள்ளே போய்விட்டாள். வருத்தம் என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரிந்தது. அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள், இரண்டு பேருமே மரியாதையாக நடந்துகொண்டார்கள். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

அன்றே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "காலையிலேருந்தா உக்காந்திருந்தா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பசியாறியிருக்க மாட்டா" என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அவளுடைய குறுஞ்செய்திகள் கொஞ்சகாலம் வந்தன, பிறகு குறைந்தன. அடுத்த ஆண்டும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று குழுவில் கேட்டார்கள். அம்மா முடியாது என்றுவிட்டார்.

நான் இப்போது தீவிலேயே, பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். பாலத்தைத் தாண்டினால் வீடு. ஒவ்வொரு தீபாவளிக்கும் சில நாட்களுக்கு முன்னால் அம்மா தொலைபேசியில் அழைக்கிறார். "தீபாவளிக்கு வந்துரும்மா. கண்டிப்பா வரணும், என்னா?" என்கிறார். முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். "என்னம்மா இது, நான் வராம எங்க போவேன்? என்னயப் போயி கூப்புடறீங்க?" என்றேன்.

"இல்லம்மா, கூப்புட்டுட்டா எனக்கு நிம்மதி" என்றார் அம்மா.