பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காலிக் கதிரை

போன சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மார்சியா கதவைத் தட்டி ஒரு புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனார். அவரே எழுதி, அவரே படம் வரைந்த சிறுவர் புத்தகம். அச்சு மணம்கூட இன்னும் போகவில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் மேசை. சுற்றிவர ஆறு கதிரைகள். பிள்ளைகள் ஐந்து பேர்.

ஆறாவது கதிரை என் மகளுடையது. அதைக் காலியாக்கியது நான்தான். யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

மார்சியா ஓவியர். பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவர் வரைவதெல்லாம் கறுப்பு மனிதர்களை. பஸ் ஓட்டுகிறவர், தலை பின்னிவிடும் பெண்கள், வாய்கொள்ளாமல் சிரிக்கும் பிள்ளைகள்... எல்லாம் ஆளுயரப் படங்கள். "சின்ன வயதில் கதைப் புத்தகங்களில் என்னைத் தேடித் தேடிக் களைத்துப் போனேன். அதுதான் நானே வரைகிறேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

புதுப் புத்தகத்துக்குக் காவ்யாவையும் வரையட்டுமா என்று கேட்டார். காவ்யாவுக்கு ஒன்பது வயது. அப்பாவின் நிறம். நல்ல கறுப்பு.

இதை எழுதும்போதே கை ஒரு கணம் நிற்கிறது, பாருங்கள்! அதுதான் எங்கள் வியாதி.

நாலு சனிக்கிழமை போய் உட்கார்ந்தாள். மார்சியா கறுப்புப் பெயின்ட்டைத் தொடுவதே இல்லையாம். நீலம், சிவப்பு, மண்ணிறம் என்று கலந்து கலந்துதான் முகம் வருமாம். நாலாவது சனிக்கிழமை துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, என்ர முகத்தில பர்ப்பிள் இருக்கு! கம் அண்ட் சீ!"

போனேன். பார்த்தேன். என் பிள்ளையேதான். கண்ணில் அதே குறும்பு, உதட்டோரம் கேக். அவ்வளவு வடிவு.

அதை அப்படியே சொல்லியிருக்கலாம் அல்லவா? என் வாயில் வந்தது வேறு. "நல்லாயிருக்கு மார்சியா. முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

எங்கள் ஆட்கள் ஸ்டூடியோவில் வழமையாகச் சொல்வதுதான். பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்திய வீடு, கல்யாணம்... எந்த ஆல்பமாக இருந்தால் என்ன! நாங்கள் வாய் திறக்கும் முன்பே ஸ்டூடியோ அண்ணை, "இதைச் சொல்லவும் வேணுமே தங்கச்சி? எல்லாருக்கும் செய்யிறதுதானே" என்பார். காவ்யாவின் ஒன்பது பிறந்தநாட்களும் எங்கள் வீட்டுச் சுவரில் அப்படித்தான் தொங்குகின்றன, ஒன்றையொன்று மிஞ்சும் வெள்ளையில்.

மார்சியா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"முதல் நாள் உங்கள் மகளும் இதையேதான் கேட்டாள். அப்படிச் செய்தால் அம்மா சந்தோஷப்படுவா என்றாள். இருக்கிறபடியே நீ அழகு என்று அவளை நம்பவைக்க எனக்கு நாலு சனிக்கிழமை பிடித்தது."

திரும்பினேன். கதவடியில் காவ்யா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழவில்லை. படத்தைக் காட்டி மார்சியாவிடம், "டேக் மீ அவுட், ப்ளீஸ்" என்றாள். அவ்வளவுதான்.

கெஞ்சினேன். மன்னிப்புக் கேட்டேன். "நீ எவ்வளவு வடிவு தெரியுமோ?" என்று நாளுக்குப் பத்துத் தரம் சொன்னேன். "ஓகே அம்மா" என்பாள், கடைக்காரருக்குச் சொல்வதுபோல. மார்சியாவிடம் போய் நின்றேன். "அது அவளுடைய முகம். அவள் சம்மதிக்காமல் அச்சுக்குப் போகாது" என்றார். வேறொரு பிள்ளையை அந்தக் கதிரையில் உட்காரவைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

நிறவெறி பற்றி இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! பஸ்ஸில் ஒருவன் என்மேல் துப்பியதை எழுதியபோது எவ்வளவு கோபப்பட்டுக் கடிதம் போட்டீர்கள்! அவன் துப்பியது என் கோட்டில். கழுவினேன், போய்விட்டது. நான் செய்ததை எதைக் கொண்டு கழுவுவது?

நேற்றுப் பின்னேரம் ஸ்டூடியோ அண்ணை போன் எடுத்தார். காவ்யாவுக்குப் பத்தாவது பிறந்தநாள் வருகிறது. "வழமை போலத்தானே தங்கச்சி?"

"இல்லை அண்ணை. இந்தமுறை ஒண்டும் செய்யாதேங்கோ. பிள்ளை இருக்கிற மாதிரியே இருக்கட்டும்." காவ்யாவுக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் ஹோம்வொர்க் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப எனக்கு போட்டோ வேண்டாம் அம்மா."

இவ்வளவு கச்சிதமாக நான் அவளுக்கு வேறெதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.